வட்டமா, கூம்பா, காடா

2007 மே 5, சனி

விடிந்ததிலிருந்து மழை. தோய்த்த உடுப்பெல்லாம் பல்கனியில் இன்னொரு முறை நனைகிறது.

மத்தியானம் குதிரைப் பண்ணை. இவர் டவுன்டவுன் சாப்பாட்டுக் கடையில் இரவு முழுக்க இறைச்சி வாட்டிவிட்டு வந்து கொஞ்சம் கண் அயர்ந்தார், பிறகு காரை எடுத்தார். மகள் தர்சி பின்னால், காதில் பாட்டு. இருபது வயதாகிவிட்டது. இறங்கும்போது நான் கார்க் கதவைப் பிடிக்கக்கூடாது, ஊன்றுகோலை எடுத்துக் கொடுக்கக்கூடாது, "கவனம்" என்று சொல்லக்கூடாது. மூன்றையும் செய்தேன். முறைத்தாள்.

பிறந்த நாளிலிருந்து இரண்டு காலும் பலமில்லாத பிள்ளை. அவளுக்குக் குதிரை வண்டி! ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி கொடுக்கிற பெண் போன வருடம் ஒரு நாள் சுற்றுலாவாகக் கூட்டிக்கொண்டு போனது. ஒரு நாள் என்றுதான் சொன்னார்கள்.

பண்ணைக்காரி மடாம் லூசில் (எழுதக் கை வலிக்கிறது, இனி ம.லூ.) ஒரு தாள் தந்தார். ஜூன் நடுவில் பண்ணையில் வண்டியோட்டும் நாள். தர்சி எந்த வகையில் ஓடப் போகிறாள் என்று மாத முடிவுக்குள் சொல்ல வேண்டுமாம். அதற்கேற்றபடிதான் குதிரையைப் பழக்க முடியுமாம்.

– வட்டம். வேலி போட்ட திடலுக்குள் நடையும் மெல்லோட்டமும். நடுவர் நடுவில் நின்று பார்ப்பார். தொப்பி, கையுறை, மடியில் விரிக்க ஒரு துணி.
– கூம்பு. ஆரஞ்சுக் கூம்புகள், தலையில் பந்து. இடையால் ஓட்ட வேண்டும், பந்து விழக்கூடாது.
– காடு. மாரத்தான் என்கிறார்கள். சேறு, தண்ணீர், மரக்கட்டைகளுக்குள் வளைந்து வளைந்து, நேரம் பார்த்து.
– பந்தயச் சட்டை போட்டுக்கொண்டு முழு வேகத்தில் இன்னொன்று. அதை நான் கடைசி வரை வாசிக்கவில்லை.

குதிரையின் பெயர் முஸ்காட். சாதிக்காய் என்று அர்த்தமாம். என் இடுப்புக்குத்தான் வரும்.

"அம்மா, இது குதிரை இல்லை, கிட்டத்தட்ட நாய்."

"நாயும் கடிக்குமெல்லே?"

மே 7, திங்கள்

வெயில். நான் வேலை செய்கிற கார்தெரியில், சின்னப் பிள்ளைகள் காப்பகத்தில், இன்று பருப்பு சூப். பிள்ளைகள் ஒருவரும் தொடவில்லை. பாணை மட்டும் தின்றுவிட்டு ஓடினார்கள். தலைமை ஆசிரியை என்னைப் பார்த்த பார்வை, பருப்பைக் கண்டுபிடித்ததே நான்தான் என்கிற மாதிரி.

வீட்டுக்கு வந்து தர்சியின் கம்ப்யூட்டரில் பார்த்தேன். காட்டு ஓட்டம். ஒரு வண்டி கட்டையில் மோதிச் சரிகிறது, ஓட்டினவர் தண்ணீருக்குள். எழும்பிச் சிரிக்கிறார். அவருக்கு எழும்பக் கால் இருக்கிறது.

இவரிடம் சொன்னேன். சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே: "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்."

"அவள் விழுந்தா?"

"படியிலயும் விழலாம்."

இது ஆறுதலா? நாங்கள் இருக்கிற வில்லரேப் பகுதியில் எல்லா வீட்டுக்கும் போல எங்களுக்கும் வெளியே வளைகிற இரும்புப் படி. அதிலிருந்து அவள் விழுவதை நான் தினமும் மனதுக்குள் ஒரு தரம் பார்த்துவிடுகிறேன். இப்போது குதிரையும் சேர்ந்துவிட்டது.

எனக்கு மட்டும் ஏன் இப்படி? மற்றத் தாய்மார் எல்லாம் பிள்ளை போனால் கதவைச் சாத்திவிட்டுத் தொலைக்காட்சி பார்க்கிறார்கள்.

மே 12, சனி

குளிர் காற்று. பண்ணையில் சேறு.

தர்சி குதிரையைத் தடவிக்கொண்டிருந்த நேரம் பார்த்து ம.லூ.வைத் தனியாகப் பிடித்தேன். என் பிரெஞ்சு கார்தெரிப் பிரெஞ்சு: வாயைத் துடை, கையைக் கழுவு, தள்ளாதே. அதை வைத்துக்கொண்டு "வட்டம் நல்லது, காடு கூடாது, நீங்கள் சொல்லுங்கள், நான் சொன்னதாகச் சொல்லாதீர்கள்" என்பதைச் சொல்லி முடிக்க வியர்த்துவிட்டது.

ம.லூ. பெரிய உடம்பு, பெரிய குரல். இரண்டு உள்ளங்கையையும் என் முன்னால் விரித்துக் காட்டினார். கடிவாளம் இவள் கையில், உன் கையில் இல்லை என்றார். அல்லது அப்படித்தான் எனக்கு விளங்கியது.

பிறகு தர்சி ஓட்டினாள். சின்ன இரண்டு சில்லு வண்டி. நான் பக்கத்தில் நடந்தேன், விழுந்தால் பிடிக்கலாம் என்று. அரை வட்டத்தில் ம.லூ. கூப்பிட்டு என்னை வேலிக்கு வெளியே நிறுத்தினார். குதிரை பாதையைப் பார்க்காமல் என்னையே பார்க்கிறதாம்.

வேலிக்கு வெளியே நின்றபடி முருகா முருகா.

ஒன்று எழுத வேண்டும். அவள் கை. வீட்டில் தேத்தண்ணீர்க் கோப்பையைத் தட்டி விழுத்துகிற அதே கை, கடிவாளத்தில் எவ்வளவு மெதுவாக இருக்கிறது.

மே 15, செவ்வாய்

வென்றுவிட்டேன்!

சாப்பாட்டு நேரம் மறுபடி தொடங்கினேன். ஆஸ்பத்திரி, எலும்பு, கம்ப்யூட்டரில் பார்த்தது, எல்லாம். தர்சி கரண்டியை வைத்தாள். "சரி அம்மா. வட்டம் எண்டா வட்டம். விடுங்கோ இப்ப." எழும்பி அறைக்குள் போய்விட்டாள். மீன் பொரியல் அப்படியே கிடந்தது.

இவர் என்னைப் பார்த்தார். மீனை நான் சாப்பிட்டேன். பல நாளுக்குப் பிறகு ருசி தெரிந்தது.

மல்லிகா அக்காவுக்குப் போன். ஊரைக் கூட்டுகிறதில் அவவைப் போல யாரும் இல்லை. "என்ன, தர்சி குதிரை வண்டியோ? நாங்கள் எல்லாரும் வாறம்! ரெண்டு வான் பிடிக்கலாம். வீடியோக்கு எங்கட தம்பியைச் சொல்லிவிடுறன்."

மடித்துணிக்கு என் நீலப் பட்டுச் சேலை. கரை கொஞ்சம் கிழிந்தது, ஆனால் சரிகை இன்னும் மினுங்குகிறது. அதற்குப் பொருத்தமாக ஒரு தொப்பி பார்க்க வேண்டும்.

இவர்: "இதென்ன கலியாண வீடோ?"

வாங்க வேண்டியது: நீல நூல், ஊசி, பால், தேசிக்காய், தேங்காய்.

மே 19, சனி

எப்படி எழுதுவது.

பண்ணைக்குப் புது வண்டி வந்திருந்தது. நான்கு சில்லு, சின்னக் குதிரைகளுக்கென்றே செய்தது. இன்று முதன்முதலாகப் பூட்டுகிறார்கள், தர்சிதான் முதலில் ஏறுகிறாள். ஒரு தேசிக்காய்கூட வைக்காமல் பிள்ளையை எப்படிப் புது வண்டியில் ஏற்றுவது? எங்கள் பழைய காருக்கே செய்தோமே. அதற்காகத்தான் பையில் எல்லாம் கொண்டு போனேன். தர்சிக்குச் சொல்லவில்லை.

நாலு சில்லுக்கும் கீழே தேசிக்காய் வைத்தேன். ம.லூ.வுக்கு ஒரே புதினம். நெஞ்சில் கை வைத்து அழகு, அழகு என்றார். "அம்மா, ப்ளீஸ்," என்றாள் தர்சி வண்டியில் இருந்தபடி. ம.லூ. கையுறை எடுக்கக் கொட்டிலுக்குள் போகும்போது குதிரையின் தலைக்கயிற்றை என்னிடம் தந்தார். பிடித்துக்கொள், விடாதே. அது நன்றாக விளங்கியது.

தேங்காய் உடைக்க இரண்டு கையும் வேண்டும். இவர் உடைக்க வேண்டியது; இவர் காருக்குள் நித்திரை. ஒரு நிமிடம்தானே என்று கயிற்றை விட்டேன். மூன்று தரம் சுற்றிவிட்டு, கேற்றடிக் கல்லில், குதிரைக்குப் பக்கவாட்டில், ஓங்கி அடித்தேன்.

குதிரையின் கண்ணுக்குப் பக்கத்தில் தோல் மறைப்பு. அதற்கு ஒன்றும் தெரிந்திருக்காது, சத்தம் மட்டும்தான். முன்கால் இரண்டும் எழும்பின. பிறகு தேசிக்காய் நசிகிற சத்தம். பிறகு என் பிள்ளை போய்விட்டாள்.

ஓடினேன். கத்திக்கொண்டு ஓடினேன். ஒரு சப்பாத்து சேற்றில் போனது. பின்னால் ம.லூ. கத்துகிறார், ஓடாதே, ஓடாதே என்று. குதிரையைச் சொல்கிறார் என்று நினைத்தேன். என்னைத்தான். நான் துரத்தத் துரத்தத்தான் அது ஓடியிருக்கிறது.

கேற்றால் வெளியே போனால் பெரிய றோட்டு, லொறிகள். தர்சி அந்தப் பக்கம் விடவில்லை. புல்வெளிக்குள் திருப்பினாள். பெரிய வட்டம். பிறகு அதைவிடச் சின்ன வட்டம். இன்னும் சின்னது. நின்றது.

நான் போய்ச் சேர்ந்தபோது அவள் குதிரையோடு கதைத்துக்கொண்டிருந்தாள், பிரெஞ்சில், தாலாட்டுகிற குரலில். என்னைப் பார்த்து ஒன்றுதான் சொன்னாள்: "அம்மா, கிட்ட வராதேங்கோ."

ம.லூ. தேங்காய்ப் பாதிகள் இரண்டையும் பொறுக்கி என் கையில் தந்தார். இது குசினிக்கு என்றார். சிரிக்கவில்லை.

மே 20, ஞாயிறு

கால் வீங்கியிருக்கிறது. சப்பாத்து இல்லாமல் ஓடினால்.

வேலியால் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்ட கதை. பிள்ளைக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று நான் செய்ததுதான் அவளைக் கொல்லப் பார்த்தது. இதை எழுதிவிட்டுத் திரும்ப வாசித்தேன். அந்த வரியை அடித்துவிடலாம் என்று பேனையை அதன் மேல் வைத்தேன், அடிக்கவில்லை.

கண்ணை மூடினால் அந்தக் கேற்று. லொறி.

இவரிடம் சொல்லிவிட்டேன்: முடிந்தது, இனிப் பண்ணையும் இல்லை, வட்டமும் இல்லை, ஒன்றும் இல்லை. இவர் சட்டி கழுவிக்கொண்டிருந்தார். "அதை நீர் அவளிட்டைச் சொல்லும்."

தர்சி கதவைத் திறக்கவில்லை. தேங்காயைத் துருவிச் சம்பல் போட்டேன். ஒருவரும் தொடவில்லை, நானும்.

மே 23, புதன்

இதமான நாள். படியில் பக்கத்து வீட்டுப் பூனை.

நான் வேலையால் வர, தர்சி வகுப்புக்கு இறங்கிக்கொண்டிருந்தாள். வழக்கம்போல அவளுக்கு ஒரு படி முன்னால், அவள் முகத்தைப் பார்த்தபடி பின்பக்கமாக இறங்கினேன். நடுப்படியில் நின்றாள். கம்பியைப் பிடித்து மெல்ல இருந்தாள். ஊன்றுகோல் இரண்டையும் மடியில் வைத்தாள்.

"பண்ணையை நிப்பாட்டப் போறியளாம். அப்பா சொன்னவர்."

"ஓம்."

"வட்டத்தை நிப்பாட்டினா எனக்குச் சந்தோசம்."

விளங்கவில்லை. குதிரைக்குப் பயந்துவிட்டாள் என்று நினைத்தேன், சொன்னேன்.

"எனக்குக் குதிரை பயமில்லை அம்மா. ஆக்கள்தான் பயம்." பிறகு ஒரே மூச்சில் எல்லாம் வந்தது. "வட்டத்துக்குள்ள நான் மெதுவா மெதுவாச் சுத்தோணும். நடுவில ஒருத்தர் நிண்டு என்ர தொப்பி, என்ர கை, நான் இருக்கிற விதம் எல்லாம் பாப்பார். வேலியில மல்லிகா மாமி, ரெண்டு வான் சனம், வீடியோ. கலியாண வீட்டில என்னை முன் வரிசையில இருத்துறியளே, அதேதான். ஒவ்வொருத்தரா வந்து முதல்ல காலைப் பாப்பினம், பேந்து முகத்தைப் பாப்பினம், பேந்து உங்களிட்டைக் கேப்பினம், இப்ப எப்பிடி இருக்குது எண்டு. என்னட்டைக் கேக்க மாட்டினம்."

பூனை வந்து அவள் காலில் உரசியது. தள்ளவில்லை.

"அண்டைக்குக் குதிரை ஓடேக்கை ஒருத்தரும் என்ர காலைப் பாக்கேல்லை. எல்லாரும் என்ர கையைத்தான் பாத்தவை. நீங்களும்."

அவள் எழும்பினாள். "முன்னுக்குப் போங்கோ. திரும்பிப் பாக்காதேங்கோ." படி முடியும்வரை திரும்பிப் பார்க்காமல் இறங்கினேன். முதுகெல்லாம் கண்ணாக.

நீலச் சேலைத்துணியில் பாதி தைத்தாகிவிட்டது. ஊசியைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்தேன்.

வட்டம் அவளுக்கு நரகம். காடு எனக்கு நரகம். கூம்பு? நாளைக்குக் கேட்க வேண்டும்.

மே 24, வியாழன்

கேட்டேன். கூம்பும் வேலிக்குள்தானாம், பந்து விழுந்தால் மணி அடித்து எல்லோருக்கும் சொல்வார்களாம்.

காடு.

மே 26, சனி

கரட் ஒரு கட்டு வாங்கிக்கொண்டு போனேன். ம.லூ. பையை முழுதாகத் திறந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே விட்டார். நியாயம்.

குதிரை என் கையால் வாங்கித் தின்றது. மறந்துவிட்டதா, மன்னித்துவிட்டதா? ம.லூ.விடம் தர்சியைக் கொண்டு கேட்டேன். இரண்டும் இல்லையாம். கரட் என்றால் கரட்டாம்.

இப்போதுதான் பெரிய இடி. காட்டுக்குள் யாரையும் தனியாக விடமாட்டார்கள். வண்டிக்குப் பின்னால் ஒரு தட்டு; அதில் ஒருவர் நிற்க வேண்டும். திருப்பங்களில் உள்பக்கம் சாய வேண்டும், இல்லையென்றால் வண்டி சரியும். எங்கேயாவது சிக்கினால் குதித்துத் தள்ள வேண்டும். ம.லூ. தன் வயிற்றில் தட்டிக் காட்டினார்: நான் ஏறினால் பாவம் குதிரை. இவர் தொண்ணூறு கிலோ. இவர் உடனே வானத்தைப் பார்த்தார்.

மெலிந்த ஆள் நான் ஒருத்திதான்.

"ஏலாது," என்றேன். நாலு மொழியில் சொன்னாலும் அதுதான்.

தர்சி கெஞ்சவில்லை. கெஞ்சியிருந்தால் மறுத்திருப்பேன். கடிவாளத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள், கேட்காத மாதிரி. எனக்கு அது தெரியும். மாட்டேன் என்று யாராவது சொல்லப் போகிறார்கள் என்று தெரிந்தால் அவள் அப்படித்தான் எதையாவது சரிபார்ப்பாள். பள்ளிக்கூடத்துச் சுற்றுலாக்களுக்கு முதலும் அப்படித்தான் சப்பாத்துக் கயிறு கட்டிக்கொண்டிருப்பாள்.

ஏறினேன். குதிரை நடந்த நடைக்கே கண்ணை மூடிக்கொண்டேன். வேலியைச் சுற்றி ஒரு தரம். இறங்கிக் கொட்டிலுக்குப் பின்னால் போய் வாந்தி.

இவர் தண்ணீர்ப் போத்தலோடு வந்தார். "பேய்க்கு வாழ்க்கைப்பட்டா முருங்கை மரம் ஏறத்தானே வேணும்."

"பேய் நீரோ, அவளோ?"

"குதிரை," என்றார்.

ஜூன் 2, சனி

வெக்கை. நுளம்பு.

மெல்லோட்டம். இடப்பக்கம், வலப்பக்கம். "அம்மா, சாயுங்கோ! மற்றப் பக்கம்!" ஹெல்மெட் காதைக் கடிக்கிறது. முழங்காலில் அடிபட்ட நீலம். கார்தெரியில் எப்படி வந்தது என்று கேட்டார்கள். குதிரை வண்டி என்றேன். என் பிரெஞ்சு பிழை என்று நினைத்துத் திருத்தினார்கள்.

பின்னால் நின்றால் அவள் முகம் தெரியாது. இருபது வருடமாக முகத்தைப் பார்த்தே பயந்து பழகிவிட்டேன். இப்போது முதுகுதான். எதைப் பார்த்துப் பயப்படுவது என்று தெரியாமல் மரங்களைப் பார்த்துப் பயந்தேன்.

ஜூன் 9, சனி

தண்ணீர். முழங்கால் அளவுதான், ஆனால் அடி தெரியாது. குதிரை விளிம்பில் நின்றுவிட்டது, ஒரு அடி எடுத்து வைக்கவில்லை. தர்சியும் அடிக்கவில்லை, கத்தவில்லை. காத்திருந்தாள். நான் குதித்து இறங்கித் தலைக்கயிற்றைப் பிடித்து முன்னால் நடந்தேன். பாதி தூரத்தில்தான் யோசித்தேன், நான் தண்ணீருக்குள் நிற்கிறேன், கையில் அந்தக் கயிறு. விடவில்லை.

மல்லிகா அக்காவுக்குப் போன் எடுத்துச் சொன்னேன்: வரவேண்டாம். ஏன் எண்டு கேட்டா. பிள்ளைக்கு விருப்பமில்லை என்றேன். "பிள்ளைக்கோ? பிள்ளைக்கு என்ன தெரியும், நாங்கள் ஆசையா..." அக்கா, வரவேண்டாம் என்றேன். போனை வைத்துவிட்டா. இனிச் சந்திக்குச் சந்தி கதை நடக்கும். அதற்கும் பயம்தான். பயங்களின் வரிசையில் அது கடைசியில் நிற்கட்டும்.

ஜூன் 16, சனி

மூட்டம், மழை இல்லை. காருக்குள் இருந்து எழுதுகிறேன். எழுத்துக் கோணல். இவர் வெளியே யாரோடோ கோப்பி குடிக்கிறார்.

இரவு முழுக்க ஒவ்வொரு திருப்பமாக மனதுக்குள் சாய்ந்து பார்த்தேன். இரண்டில் விழுந்தேன்.

எங்களுக்கு முன்னால் போன வண்டி தண்ணீர்க்கரைக் கட்டையில் மோதி வந்தது. ஆளுக்கு ஒன்றுமில்லை. ஒரு சில்லு கோணல். நான் பார்த்தேன், தர்சியும் பார்த்தாள். அவள் வண்டியில் ஏறி இருந்துவிட்டாள், கடிவாளம் கையில். ஹெல்மெட் எடுக்கக் காருக்குப் போகிற சாக்கில் அவளுக்குக் கிட்டப் போனேன். கேட்கக்கூடாது என்று தெரியும். வாய் கேட்டுவிட்டது.

"பயமா இருக்கே பிள்ளை?"

எத்தனை தரம் கேட்டிருப்பேன். ஆஸ்பத்திரியில், படியில், மெட்ரோவில். எல்லாத் தரமும் "இல்லை அம்மா" தான்.

"ஓம்," என்றாள்.

குனிந்து பார்த்தேன். உதடு வெள்ளையாக இருந்தது.

"எப்ப தொடக்கம்?"

"எப்பவும்தான். சொன்னா நீங்கள் நிப்பாட்டிப் போடுவியள்."

இருபது வருடம். வீட்டில் பயப்படுகிற ஆள் நான் ஒருத்தி என்றுதான் நினைத்தேன். பயப்படக்கூட இவளுக்கு நான் இடம் விடவில்லை.

நிப்பாட்டுவோம், வீட்டுக்குப் போவோம் என்று வாய்வரை வந்தது. எவ்வளவு சுகமான வார்த்தை. விழுங்கினேன். பிள்ளை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், நான் என்ன சொல்லப் போகிறேன் என்று.

"எனக்கும்தான்," என்றேன். "ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு வாறன்."

அதற்குத்தான் காருக்கு வந்தேன், இருந்துவிட்டேன், இதை எழுதுகிறேன். இவர் கண்ணாடியில் தட்டுகிறார். எங்கள் இலக்கத்தைக் கூப்பிடுகிறார்களாம். ம.லூ. கை காட்டுகிறார். பிள்ளை திரும்பிப் பார்க்கிறாள், நான் வருகிறேனா என்று. போகிறேன்.